கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்காவில் குடியேறியவர்கள் ‘இந்திய-அமெரிக்கர்’, ‘ஐரிஷ்-அமெரிக்கர்’ என்று நடுவில் கோடு போட்டுத் தங்களைச் சொல்லிக்கொள்வது அந்த நாட்டின் ஒற்றுமைக்குக் கேடா என்று சென்ற இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். ‘கோட்டை யார் போடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டோம். அது போதவில்லை என்று வந்த கடிதங்களுக்கு இந்த இதழ் முழுவதும்.

அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட், ‘கோடு போட்ட அமெரிக்கர்களுக்கு இங்கே இடமில்லை’ என்று 1907இல் சொன்னதாக வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, நிஜமா? குடியேறிகள்மேல் அவருக்கு அவ்வளவு வெறுப்பா?
– வாசகர், திருச்சி

சொன்னது நிஜம், ஆண்டு பொய். 1915 அக்டோபர் 12 அன்று நியூயார்க் கார்னகி அரங்கில், ‘நைட்ஸ் ஆஃப் கொலம்பஸ்’ என்ற கத்தோலிக்க அமைப்பின் கூட்டத்தில் பேசியது அது. அப்போது அவர் அதிபர் இல்லை. 1909லேயே பதவி முடிந்துவிட்டது. ‘ஒரே கொடி, ஒரே மொழி’ என்று சேர்த்து வரும் பகுதி வேறொன்று. 1919 ஜனவரி 3 அன்று அவர் எழுதிய கடிதத்தில் இருப்பது. எழுதிய மூன்றாம் நாள் இறந்துபோனார். இரண்டையும் ஒட்டி, 1907 என்று தேதி போட்டு யாரோ அனுப்பிவிட்டார்கள்.

வெறுப்பா என்றால், முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. 1915இல் ஐரோப்பாவில் போர் நடக்கிறது, அமெரிக்கா இன்னும் இறங்கவில்லை. அந்த மே மாதம்தான் ஜெர்மன் நீர்மூழ்கி ‘லூசிடானியா’ கப்பலை மூழ்கடித்து, அதில் 128 அமெரிக்கர்கள் செத்திருந்தார்கள். ஜெர்மன் வம்சாவளியினர் பலர் ஜெர்மனியோடு போர் வேண்டாம் என்றார்கள். பிரிட்டன் பக்கம் சாயக்கூடாது என்பது ஐரிஷ்காரர்கள் பலரின் எண்ணம். இன்னொரு நாட்டு அரசுக்காக இங்கே கூட்டமாக ஓட்டுப் போடுகிறார்கள் என்பதுதான் ரூஸ்வெல்ட்டின் எரிச்சல். வெளிநாட்டில் பிறந்து குடியுரிமை பெற்றவர்களை நான் சொல்லவில்லை, எனக்குத் தெரிந்த மிக நல்ல அமெரிக்கர்களில் சிலர் அவர்கள்தான் என்று அதே பேச்சில் சொல்கிறார். இங்கேயே பிறந்தவனும் வேறு நாட்டை முன்னால் வைத்தால் அவனும் கோடு போட்டவன்தான் என்கிறார். வாட்ஸ்அப்பில் இந்த இரண்டு வரிகளும் வராது.

1919 செப்டம்பரில் அதிபர் உட்ரோ வில்சன் இன்னும் மேலே போய், கோட்டைச் சுமப்பவன் குடியரசின் நெஞ்சில் இறக்க ஒரு கத்தியைச் சுமக்கிறான் என்ற பொருளில் கொலராடோவின் புயப்லோ நகரில் பேசினார். அவருக்கு அதில் சொந்தக் கணக்கும் உண்டு. அவர் கொண்டுவந்த சமாதான ஒப்பந்தத்தை ஐரிஷ், ஜெர்மன், இத்தாலிய வம்சாவளியினர் எதிர்த்துக்கொண்டிருந்தார்கள்.

எதிர்க்குரலும் அன்றே இருந்தது. ஹொரேஸ் காலன் என்ற தத்துவப் பேராசிரியர், 1915 பிப்ரவரியிலேயே, எல்லாரையும் ஒரே உலோகமாக உருக்கத் தேவையில்லை, பல வாத்தியங்கள் சேர்ந்த இசைக்குழுவாக இருக்கலாம் என்று எழுதிவிட்டார்.

ஜெர்மன்காரர்கள்தானே அங்கே பெரிய கூட்டம்? இன்றைக்கு ‘ஜெர்மன்-அமெரிக்கன்’ என்று யாரும் பெரிதாகச் சொல்லிக் கேட்டதில்லை. தானாகக் கரைந்துவிட்டார்களா?
– வாசகி, கும்பகோணம்

ஒரு பங்கு தானாக. மறு பங்கு, கரைத்தார்கள்.

1917 ஏப்ரலில் அமெரிக்கா போரில் இறங்கியது. 1918 ஏப்ரல் 5 அன்று இல்லினாய் மாநிலம் காலின்ஸ்வில்லில் ராபர்ட் பிரேகர் என்ற ஜெர்மன் சுரங்கத் தொழிலாளியைக் கூட்டம் இழுத்துப்போய் மரத்தில் தூக்கிலிட்டது. அவர் குடியுரிமைக்கு மனுப்போட்டவர்; கப்பற்படையில் சேரப் போய், ஒரு கண் கண்ணாடிக்கண் என்பதால் திருப்பி அனுப்பப்பட்டவர். வழக்கு நடந்த 11 பேரும் விடுதலையானார்கள். அடுத்த மாதம், மே 23 அன்று, அயோவா ஆளுநர் வில்லியம் ஹார்டிங் ஓர் உத்தரவு போட்டார். பள்ளியில், பொது இடத்தில், ரயிலில், தொலைபேசியில், மேடையில் ஆங்கிலம் மட்டும். ஆங்கிலம் புரியாதவர்கள் வீட்டுக்குள் சாமி கும்பிட்டுக்கொள்ளலாம். ஜெர்மன்காரர்களைக் குறிவைத்துப் போட்ட உத்தரவில் அடிபட்டவர்கள் டேனிஷ், நார்வே, செக் மொழிக்காரர்களும்தான்.

நெப்ராஸ்காவில் நடந்ததைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். எட்டாம் வகுப்பு தேறாத பிள்ளைகளுக்கு ஆங்கிலம் தவிர வேறு மொழி கற்றுத்தரக்கூடாது என்று 1919இல் சட்டம். தனியார் பள்ளிக்கும் சேர்த்துத்தான். ஹாம்ப்டன் என்ற ஊரில் சீயோன் லூத்தரன் பள்ளி, சட்டத்துக்குள் ஒரு சந்து கண்டுபிடித்தது. பாட நேரத்தில் ஜெர்மன் கிடையாது. மதிய இடைவேளையில் பைபிள் கதை வாசிப்பு. 1920 மே 25 அன்று மாவட்ட அரசு வழக்கறிஞர் வகுப்புக்குள் நுழைந்தபோது 10 வயது மாணவன் ஒருவன் யாக்கோபின் ஏணிக் கதையை ஜெர்மனில் வாசித்துக்கொண்டிருந்தான். ஆசிரியர் ராபர்ட் மேயருக்கு 25 டாலர் அபராதம். மாநில உச்ச நீதிமன்றமும் அதைச் சரி என்றது. கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் 1923 ஜூன் 4 அன்று அதை ரத்துசெய்தது.

அந்தத் தீர்ப்பில் இரண்டு பாதி உண்டு. பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிக்கச் சொல்ல அரசுக்கு அதிகாரம் உண்டு, அதை யாரும் கேள்வி கேட்கவில்லை. ஆனால் இன்னொரு மொழியைப் பெற்றோர் விருப்பப்படி கற்பிக்காதே என்று சொல்ல அதிகாரம் இல்லை. பொதுமொழியைச் சேர்த்துக் கொடுக்கலாம், வீட்டுமொழியைப் பிடுங்கக்கூடாது. இன்று டல்லாஸிலும் அட்லாண்டாவிலும் சனி, ஞாயிறு நடக்கும் தமிழ்ப் பள்ளிகளுக்குச் சட்டப்படி நிழல் தருவது அந்த 25 டாலர் அபராத வழக்குதான்.

எதற்கு வம்பு? கோட்டை எடுத்துவிட்டு ‘அமெரிக்கன்’ என்று மட்டும் சொல்லிக்கொண்டால் தகராறு தீர்ந்ததில்லையா? பாபி ஜிண்டால் அப்படித்தானே சொன்னார்?
– வாசகர், சென்னை

லூயிசியானா ஆளுநராக இருந்த ஜிண்டால் 2015இல் அதிபர் தேர்தலுக்குக் களமிறங்கியபோது, கோடு போட்ட பேச்செல்லாம் போதும், நாம் எல்லாரும் அமெரிக்கர் என்றார். அவர் அப்படிச் சொல்லிக்கொள்ள அவருக்கு முழு உரிமை உண்டு. ஆனால் எடுத்தால் தீரும் என்பதற்கு வரலாறு சாட்சி சொல்லவில்லை.

பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபி, முதல் உலகப்போரில் அமெரிக்க ராணுவச் சீருடை போட்டு, 1918 டிசம்பரில் நற்சான்றோடு வெளியே வந்தவர். 1923 பிப்ரவரி 19 அன்று உச்ச நீதிமன்றம், நீங்கள் சட்டம் சொல்லும் ‘வெள்ளையர்’ இல்லை, குடியுரிமை கிடையாது என்றது. இந்தியர்கள் குடியுரிமை பெறச் சட்டம் திறந்தது 1946இல்; அதிலும் ஆண்டுக்கு 100 பேர்தான் குடியேறலாம். வாசல் உண்மையிலேயே திறந்தது 1965 சட்டத்தில்.

ஜப்பானியர் கதை இன்னும் கொடுமை. 1942 பிப்ரவரி 19 அன்று பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் போட்ட 9066ஆம் எண் ஆணையின்படி மேற்குக் கரையிலிருந்து சுமார் 1,20,000 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் அங்கேயே பிறந்த குடிமக்கள். 1943இல் முகாமில் ஒரு விசுவாசப் படிவம் கொடுத்தார்கள். 27ஆம் கேள்வி, ராணுவத்தில் சேர்வாயா? 28ஆம் கேள்வி, அமெரிக்காவுக்கு முழு விசுவாசம் காட்டி, ஜப்பான் பேரரசருக்கான விசுவாசத்தைத் துறப்பாயா? ஜப்பானில் பிறந்த பெற்றோர் ‘ஆம்’ என்று எழுதினால் எந்த நாடும் இல்லாதவராவார், ஏனென்றால் அமெரிக்கச் சட்டம் அவர்களுக்குக் குடியுரிமை தராது. அங்கே பிறந்த மகன் ‘ஆம்’ என்றால், இதுவரை பேரரசருக்கு விசுவாசமாக இருந்ததாக ஒப்புக்கொண்டதுபோல் ஆகும். இரண்டுக்கும் ‘இல்லை’ எழுதியவர்களை டூலி லேக் முகாமுக்கு அனுப்பினார்கள். ‘ஆம்’ எழுதிய இளைஞர்கள் பலர் 442ஆம் படைப்பிரிவில் சேர்ந்து இத்தாலியிலும் பிரான்சிலும் போரிட்டார்கள். பெற்றோர் முள்வேலிக்குள்ளேயே இருந்தார்கள். அரசு மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்தவர்களுக்கு ஆளுக்கு 20,000 டாலர் கொடுக்கச் சட்டம் வந்தது 1988இல்.

இவர்கள் யாரும் கோட்டைக் கேட்டு வாங்கியவர்கள் இல்லை. அரசு போட்ட கோட்டை ஆள் அழிக்க முடியாது.

இப்போதெல்லாம் அமெரிக்கப் பத்திரிகைகளில் அந்தக் கோடே காணோமே?
– வாசகர், ஈரோடு

2019இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் தன் நடைக் கையேட்டிலிருந்து அதை எடுத்துவிட்டது. ‘பாதி அமெரிக்கர்’ என்ற தொனி வருகிறது என்பது நெடுநாள் புகார். அச்சில் கோடு போயிற்று. அரசுப் படிவத்தில் கட்டம் இருக்கிறது. அதுதான் பெரிய விஷயம். அடுத்த கடிதம் அதைப் பற்றியே.

அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழர் எந்தக் கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும்? ‘தமிழ்’ என்று எங்கே எழுதுவது? என் மனைவி யாழ்ப்பாணம், நான் தஞ்சாவூர், பிள்ளைகள் இங்கே பிறந்தவர்கள்.
– வாசகர், நியூ ஜெர்சி

மூன்று கேள்விகளைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். இனம் ஒன்று, பூர்வீகம் ஒன்று, மொழி ஒன்று.

பத்து ஆண்டுக்கு ஒருமுறை வரும் கணக்கெடுப்பில் இருப்பது இனக் கேள்வி. 1970இல் இந்தியர்களை வெள்ளையர் கணக்கில் போட்டார்கள். இந்தியச் சங்கங்கள் விடாமல் கேட்டு, 1980இல் ‘ஏஷியன் இந்தியன்’ என்ற கட்டம் வந்தது. உங்களுக்கு அது. உங்கள் மனைவி 2020 படிவத்தின்படி ‘பிற ஆசியர்’ கட்டத்தில் டிக் அடித்து, கீழே ‘ஸ்ரீலங்கன்’ என்று எழுத வேண்டும். டிக் அடித்துவிட்டு எழுதாமல் விடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. அப்போது வெறும் ‘ஆசியர்’ என்ற மொத்தத்தில் போய்ச் சேரும். பிள்ளைகளுக்கு இரண்டையும் குறிக்கலாம். 2000ஆம் ஆண்டிலிருந்து ஒன்றுக்கு மேற்பட்ட கட்டம் அனுமதி. 2024 மார்ச்சில் இனக் கட்டங்களின் விதிகளைத் திருத்தி, மத்தியக் கிழக்கு – வட ஆப்பிரிக்கருக்குத் தனிப் பிரிவு அறிவித்தார்கள். 2030 படிவம் கைக்கு வந்ததும் அதில் உள்ளபடி நிரப்புங்கள்.

‘தமிழ்’ எழுத வேண்டிய இடம் வேறு படிவம். ‘அமெரிக்கன் கம்யூனிட்டி சர்வே’ என்று ஆண்டுக்குச் சுமார் 35 லட்சம் முகவரிகளுக்குப் போகும். வந்தால் பதில் தருவது சட்டப்படி கட்டாயம், விளம்பரம் என்று குப்பையில் போட்டுவிடாதீர்கள். ஐந்து வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் மூன்று கேள்வி: வீட்டில் ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசுகிறாரா, எந்த மொழி, ஆங்கிலம் எவ்வளவு நன்றாகப் பேசுவார். மொழி என்ற இடத்தில் ‘இந்தியன்’ என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பதில் ‘இந்திய மொழி, வேறு விவரம் இல்லை’ என்ற மூட்டையில் விழும். தமிழுக்கு ஒரு தலை குறையும். இதே படிவத்தில் பூர்வீகக் கேள்வியும் உண்டு. வேண்டுமானால் ‘அமெரிக்கன்’ என்று மட்டும் எழுதலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். மதம் பற்றிக் கட்டாயக் கேள்வி கேட்க 1976 சட்டம் தடை போட்டிருக்கிறது.

இந்த எண்ணிக்கையால் நடப்பது என்ன? வாக்குரிமைச் சட்டத்தின் 203ஆம் பிரிவின்படி, ஒரு வட்டாரத்தில் ஒரு மொழிச் சிறுபான்மைக் குழுவில் ஆங்கிலம் சரளமில்லாத, ஓட்டுப் போடும் வயதுக் குடிமக்கள் 10,000 பேருக்கு மேலோ 5 சதவீதத்துக்கு மேலோ இருந்து, அவர்களிடையே எழுத்தறிவின்மையும் தேசிய அளவைவிடக் கூடுதலாக இருந்தால், வாக்குச்சீட்டை அந்த மொழியிலும் தர வேண்டும். எண்ணுவது ‘ஏஷியன் இந்தியன்’ என்று. எந்த மொழி என்று தீர்மானிப்பது உள்ளூர் அதிகாரிகள். அப்படித்தான் நியூயார்க்கின் குயின்ஸில் வங்காளமும் சிகாகோ இருக்கும் குக் கவுன்டியில் இந்தியும் வந்தன. தமிழர்களில் பெரும்பாலோர் ஆங்கிலம் ‘மிக நன்று’ என்று குறிப்பதால் இந்தக் கணக்கில் ஏற மாட்டார்கள். பெருமைக்குப் பொய் குறிக்காமல், ஊரிலிருந்து வந்து குடியுரிமை பெற்ற பெற்றோருக்கு உள்ளதை உள்ளபடி குறியுங்கள்.

என் மகன் அமெரிக்கக் குடியுரிமை வாங்கப்போகிறான். ‘பழைய நாட்டு விசுவாசத்தை அடியோடு துறக்கிறேன்’ என்று சத்தியம் செய்ய வேண்டுமாம். தமிழ், கோயில், குலதெய்வம் எல்லாவற்றையும் விட்டுவிடச் சொல்கிறார்களா?
– வாசகி, மதுரை

இல்லை அம்மா. துறக்கச் சொல்வது வெளிநாட்டு அரசுக்கும் அரசனுக்கும் காட்டும் விசுவாசத்தை. மொழியையும் சாமியையும் பற்றி அந்த உறுதிமொழியில் ஒரு சொல் இல்லை.

நடைமுறையில் சறுக்கும் இடங்கள் வேறு. கிரீன் கார்டு வாங்கி 5 ஆண்டு ஆகியிருக்க வேண்டும், அதில் குறைந்தது 30 மாதம் அங்கே தங்கியிருக்க வேண்டும். இடையில் ஊருக்கு வந்து தொடர்ந்து 6 மாதத்துக்கு மேல் இருந்துவிட்டால் ‘தொடர் வசிப்பு’ அறுந்ததா என்று கேள்வி வரும். ஓராண்டைத் தாண்டினால் அறுந்தேவிடும். 18 முதல் 26 வயதுக்குள் கிரீன் கார்டோடு இருந்த ஆண்கள் ராணுவச் சேர்ப்புப் பட்டியலில் பதிந்திருக்க வேண்டும்; மறந்தவர்கள் நிறைய. டிரைவிங் லைசென்ஸ் அலுவலகத்தில் அவசரத்தில் வாக்காளர் பதிவுக் கட்டத்திலும் டிக் அடித்துவிடுவது எல்லாவற்றிலும் ஆபத்தானது. குடிமகன் ஆகாமல் பதிந்தது குற்றம். தெரியாமல் செய்தேன் என்பது எளிதில் எடுபடாது.

மனுக் கட்டணம் ஆன்லைனில் 710 டாலர், தாளில் 760. 2025 அக்டோபர் 20 முதல் மனுச் செய்தவர்களுக்குப் புதிய தேர்வு: 128 கேள்விகள் கொண்ட பட்டியலிலிருந்து 20 கேட்பார்கள், 12 சரியாக இருக்க வேண்டும். முன்பு 100இல் 10 கேட்டு 6 போதும். ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் வாசிக்கவும் ஒன்று எழுதவும் வேண்டும்; ஒவ்வொன்றுக்கும் மூன்று வாய்ப்பு. 50 வயதாகி 20 ஆண்டு, அல்லது 55 வயதாகி 15 ஆண்டு கிரீன் கார்டோடு இருந்தவர்கள் ஆங்கிலத் தேர்விலிருந்து விலக்குப் பெற்று, மொழிபெயர்ப்பாளரைக் கூட்டிப்போய்த் தமிழிலேயே குடிமைக் கேள்விகளுக்குப் பதில் சொல்லலாம். ‘ஒரே மொழி’ என்ற முழக்கத்துக்கு நடுவில் இப்படியும் ஒரு விதி இருக்கிறது.

பெயர் விஷயம் ஒன்று. நம் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் அமெரிக்க விசாவில் முதல் பெயர் ‘எஃப்என்யூ’, அதாவது முதல் பெயர் தெரியாது என்று அச்சாகி, அதுவே லைசென்ஸ் வரை பெயராக ஒட்டிக்கொள்ளும். குடியுரிமை மனுவிலேயே பெயர் மாற்றம் கேட்க இடம் இருக்கிறது, தனிக் கட்டணம் இல்லை. ஆனால் நீதிபதி நடத்தும் உறுதிமொழி விழாவில்தான் அது செல்லும், நாள் கொஞ்சம் தள்ளிப்போகலாம்.

உறுதிமொழி எடுத்த நிமிடத்தில் இந்தியக் குடியுரிமை முடிந்தது; நம் 1955 சட்டத்தின் 9ஆம் பிரிவு அப்படி. இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துச் சான்று வாங்கி, அதன் பிறகே ஓசிஐ அட்டைக்கு, அதாவது வெளிநாட்டுக் குடிமகனான இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டைக்கு, மனுச் செய்ய வேண்டும். பழைய பாஸ்போர்ட்டில் ஒருமுறை ஊருக்கு வந்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தால் அபராதம். ஓசிஐ வைத்து இங்கே ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது. தகப்பன் வழியில் வருகிற நிலத்தை வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் பேத்தி டெக்சாஸில் இரண்டாம் வகுப்பு. இந்தியப் பாஸ்போர்ட். தினமும் அமெரிக்கக் கொடிக்கு உறுதிமொழி சொல்லச் சொல்கிறார்களாம். கட்டாயமா?
– வாசகர், காரைக்குடி

சொல்லவைக்க முடியாது. 1943 ஜூன் 14 அன்று, போர் உச்சத்தில் இருக்கும்போதே, மேற்கு வர்ஜீனியா பள்ளி வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படித் தீர்ப்பளித்தது. டெக்சாஸில் பெற்றோர் எழுத்தில் கேட்டுக்கொண்டால் விலக்குத் தர வேண்டும். இரண்டு வரிக் கடிதம், தேதி, கையெழுத்து. நகல் ஒன்று கையில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் சொல்லும்போது குழந்தை சத்தமில்லாமல் இருந்தால் போதும்.

அந்த உறுதிமொழியிலேயே கோட்டுச் சண்டையின் தழும்பு இருக்கிறது. 1892இல் எழுதியபோது ‘என் கொடி’ என்றுதான் இருந்தது. குடியேறி வந்த பிள்ளை மனதுக்குள் பழைய நாட்டுக் கொடியை நினைத்துக்கொண்டு சொல்லிவிடுமே என்று 1923இல் ‘அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கொடி’ என்று மாற்றினார்கள்.

சிங்கப்பூர்போல இனத்தை அட்டையிலேயே அச்சடித்து, கணக்காக நடத்தினால் வம்பே இல்லையே?
– வாசகர், நாகப்பட்டினம்

வம்பு குறைந்தது உண்மை. விலையும் உண்டு. 1989 முதல் அங்கே வீடமைப்புக் கழக அடுக்குமாடிகளில் இன வரம்பு இருக்கிறது. ஒரு புளோக்கில் சீனர் 87 சதவீதம், மலாய்க்காரர் 25, இந்தியரும் மற்றவரும் சேர்த்து 15 என்பது உச்சம். பேட்டை அளவில் 84, 22, 12. தனிச் சேரிகள் உருவாகவில்லை. ஆனால் சீனர் வரம்பு நிரம்பிய புளோக்கில் ஓர் இந்தியர் வீட்டை விற்க நினைத்தால் சீனருக்கு விற்க முடியாது. வாங்குவோர் வட்டம் சுருங்கி விலை இறங்கும், மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும். 2011இலிருந்து கலப்புத் திருமணப் பிள்ளைகளுக்கு இரட்டை இனம் பதியலாம். நிஜமாகவே கோடு போட்டு அச்சாகும். வீட்டுக் கணக்குக்கு மட்டும் முதலில் வரும் இனமே செல்லும். ஆகவே எதை முன்னால் போடுவது என்று யோசித்துப் பதியுங்கள்.

ஊர்க் கோயில் திருப்பணிக்கு அமெரிக்காவில் உள்ள பங்காளிகள் பணம் அனுப்புகிறார்கள். இதில்கூட விசுவாசச் சந்தேகம் வருமா?
– வாசகர், புதுக்கோட்டை

சந்தேகம் வருவது அமெரிக்கப் பக்கம் இல்லை, நம் பக்கம்! பங்காளி இந்தியப் பாஸ்போர்ட்டோடு இருக்கும்வரை அவர் தன் சேமிப்பிலிருந்து அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடிமகன் ஆன மறுநாள், ஓசிஐ அட்டை கையில் இருந்தாலும், அதே ஆள் அனுப்பும் அதே பணம் வெளிநாட்டு நன்கொடை. கோயில் அறக்கட்டளைக்கு எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படியான பதிவு வேண்டும். பணம் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் முதலில் வர வேண்டும். உறவினருக்கு நேரடியாக அனுப்பும் பணத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால் மட்டும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். உறவினர் கணக்கில் வாங்கிக் கோயிலுக்குக் கொடுத்துவிடலாம் என்ற யோசனை வேண்டாம். மாட்டினால் அறக்கட்டளைதான் மாட்டும்.

ஈழத்தமிழர்களுக்கு அமெரிக்காவிலேயே கவனம் தேவை. விடுதலைப் புலிகள் அமைப்பை 1997இல் அங்கே தடைப்பட்டியலில் சேர்த்தார்கள். தமிழர் புனர்வாழ்வுக் கழகத்தின் சொத்துகள் 2007 நவம்பரில் முடக்கப்பட்டன. தடைசெய்த அமைப்புகளுக்கு அமைதிவழிப் பயிற்சி தரலாமா என்று கேட்டுத் தமிழ் அமைப்புகளும் சேர்ந்து போட்ட வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம், தடைசெய்த அமைப்போடு ஒருங்கிணைந்து செய்தால் சட்டப் பயிற்சிகூடக் குற்றம் என்றது. தனியாக நின்று கருத்துச் சொல்வது, ஊர்வலம் போவது, எம்.பி.க்களுக்கு மனுக் கொடுப்பது குற்றமில்லை. பணம் கொடுக்குமுன் பெறுபவர் பெயரைக் கருவூலத் துறையின் தடைப்பட்டியலில் தேடிப் பாருங்கள், இணையத்தில் இலவசம். தியோடர் ரூஸ்வெல்ட் பயந்தது இந்த வகைக் கேள்விக்குத்தான். அதற்குத் தனிச் சட்டங்கள் இருக்கின்றன. வேறு நாட்டு அரசின் ஏவலில் அரசியல் வேலை செய்பவர் பதிந்துகொள்ள வேண்டும் என்ற 1938 சட்டமும் உண்டு. அவற்றை வைத்து ஆளைப் பார்த்து நடவடிக்கை எடுக்கலாம். மொழியையோ இனத்தையோ மொத்தமாகச் சந்தேகிக்கத் தேவையில்லை.

2025இல் ஆங்கிலத்தை ஆட்சிமொழி ஆக்கிவிட்டார்களே, தமிழ்ப் பள்ளிகள் நிற்குமா? பேரப்பிள்ளைகள் தமிழ் பேசுவார்களா?
– வாசகி, கோயம்புத்தூர்

2025 மார்ச் 1 ஆணை அரசு அலுவலகங்களுக்கானது; வேற்றுமொழிச் சேவை தரச் சொன்ன 2000ஆம் ஆண்டு ஆணையை அது நீக்கியது. தனியார் பள்ளி நடத்துவதை அது தொடவில்லை, நெப்ராஸ்கா தீர்ப்பு அப்படியே இருக்கிறது.

பேரப்பிள்ளைகள் விஷயம் வேறு. அங்கே குடியேறியோர் மொழி வழக்கமாக மூன்று தலைமுறையில் முடிகிறது: வந்தவர் பேசுவார், மகள் புரிந்துகொண்டு ஆங்கிலத்தில் பதில் சொல்வாள், பேரனுக்குச் சாப்பாட்டுப் பெயர்கள் மிஞ்சும். இத்தாலியும் போலிஷும் அப்படித்தான் போயின. 1924 சட்டம் புதியவர்கள் வருவதை நெரித்தபின் இன்னும் வேகமாக. ஆங்கிலம் அழிந்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்தால் நிம்மதியாகத் தூங்கலாம்.

நிறுத்திப் பிடிக்க ஒரு வழி, வார இறுதி வகுப்பைப் பள்ளி மதிப்பெண்ணோடு கட்டிவிடுவது. இருமொழித் திறனுக்கு உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழில் முத்திரை தரும் திட்டத்தைக் கலிபோர்னியா 2011இல் சட்டமாக்கியது, பிறகு மற்ற மாநிலங்களும் எடுத்துக்கொண்டன. தமிழுக்கு எந்தத் தேர்வை ஏற்பார்கள் என்பது மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். பன்னிரண்டாம் வகுப்பில் போய்க் கேட்டால் தேர்வு நாள் தாண்டியிருக்கும். பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் சேரும்போதே பள்ளி ஆலோசகரிடம் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பேச்சில் தேறி எழுத்தில் கோட்டை விடும் பிள்ளைகள்தான் அதிகம். அதனால் கடைசி இரண்டு ஆண்டு வகுப்பில் கதை சொல்வதைக் குறைத்து, வாரம் ஒரு பக்கம் கையால் எழுதவைக்கச் சொல்லுங்கள்.